ஹீற்றர் ஹோஸை மாற்றிப் பூட்டுதல்: கொடிகாமத்தில் ஒரு வான் கொதித்ததிலிருந்து கற்றுக்கொண்டவை

சித்தப்பாவின் டொல்பின் வான் ஒரு வியாழக்கிழமை காலை கொதித்தது. கொடிகாமத்திலிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கிளினிக் போகிற ஏழு பேர் உள்ளே இருந்தார்கள். எல்லோரும் வயதானவர்கள். இரண்டு பேருக்கு ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாது. நானும் அன்று முன் இருக்கையில் இருந்தேன்.

சாவகச்சேரி தாண்டியதும் வெப்பமானியின் முள் ஏறத் தொடங்கியது. சித்தப்பா ஏசியை நிறுத்தினார். நுணாவிலுக்குக் கிட்ட முள் சட்டென்று கீழே இறங்கியது. "சூடு குறைஞ்சிட்டுது பிள்ளை" என்று சொல்லிக்கொண்டு அவர் தொடர்ந்து ஓடினார். கைதடிக்குக் கிட்டப் போனபோது எஞ்சின் கனத்த சத்தத்தோடு நின்றது. இருக்கைக்குக் கீழிருந்து நீராவி வந்தது. முள் இறங்கியதற்குக் காரணம் சூடு குறைந்தது அல்ல. தண்ணீர் முழுவதும் போய்விட்டது. முள்ளுக்குச் செய்தி சொல்கிற உணர்கருவி தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாக வேலை செய்யும். தண்ணீர் இல்லாத இடத்தில் அது பொய் சொல்லும்.

சிலிண்டர் ஹெட் வெடித்திருந்தது. ஹெட், கஸ்கற், கூலி என்று எல்லாம் சேர்த்து மூன்று இலட்சம் ரூபாவுக்கு மேல் போனது. இரண்டு மாதம் வான் ஓடவில்லை. அந்த இரண்டு மாதமும் வியாழக்கிழமைக்காரர்களில் சிலர் பஸ்ஸில் போனார்கள். சிலர் கிளினிக்கைத் தவறவிட்டார்கள்.

இவ்வளவுக்கும் காரணம் ஒரு முழ நீளமான இறப்பர் குழாய். இரண்டு வருடத்துக்கு முன்னர் பின்பக்க ஹீற்றரின் குழாய் ஒழுகியபோது, ஒரு கராஜில் அதைக் கழற்றிவிட்டு, மிச்ச ஹோஸை மடித்துக் கம்பியால் கட்டிவிட்டார்கள். மடித்த இடம் காய்ந்து வெடித்து, அன்று காலை பிய்ந்தது. பிறகு நான் ஊரில் விசாரித்தபோது தெரிந்தது, எங்கள் வட்டாரத்தில் ஓடும் பழைய வான்கள் பலவற்றில் ஹீற்றர் ஹோஸ் இப்படி ஏதோ ஒரு விதத்தில் மாற்றப்பட்டிருக்கிறது. மாற்றுவதில் பிழையில்லை. மாற்றிய விதத்தில்தான் பிழை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

இந்தக் குழாய்கள் எதற்கு?

எஞ்சினுக்குள் தண்ணீர் ஓடும் வழியை முதலில் விளங்கிக்கொள்வோம். தண்ணீர்ப் பம்பு தண்ணீரை எஞ்சின் புளொக்குக்குள் தள்ளுகிறது. அங்கிருந்து அது சிலிண்டர் ஹெட்டுக்கு ஏறுகிறது. எஞ்சின் குளிராக இருக்கும்போது தேர்மோஸ்ரற் மூடியிருக்கும். தண்ணீர் எஞ்சினுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். பெரும்பாலான எஞ்சின்களில் ஏறத்தாழ 80 பாகை செல்சியஸ் தாண்டியதும் தேர்மோஸ்ரற் திறக்கத் தொடங்கும். பிறகுதான் தண்ணீர் மேல் ஹோஸ் வழியாக ரேடியேற்றருக்குப் போய், ஆறி, கீழ் ஹோஸ் வழியாகப் பம்புக்குத் திரும்பும்.

ஹீற்றர் என்பது இதிலிருந்து பிரிகிற ஒரு சிறு கிளை. ஹெட்டிலிருந்து ஒரு ஹோஸ் சுடுதண்ணீரை எடுத்துக்கொண்டு போய், டாஷ்போட்டுக்குப் பின்னால் இருக்கிற சின்ன ரேடியேற்றருக்குக் கொடுக்கிறது. அங்கிருந்து இன்னொரு ஹோஸ் தண்ணீரைப் பம்பின் உறிஞ்சும் பக்கத்துக்குத் திருப்பிக் கொண்டுவருகிறது. சின்ன ரேடியேற்றருக்குப் பின்னால் ஒரு காற்றாடி சுழலும். வரும் சூடான காற்று வண்டிக்குள் பரவும். குளிர் நாட்டில் இது இல்லாமல் வண்டி ஓட்ட முடியாது. யப்பானில் பின் இருக்கைக்காரருக்கும் குளிரும் என்பதால், பல வான்களில் பின்பக்கமும் ஒரு ஹீற்றர் உண்டு. அதற்கான இரும்புக் குழாய்கள் வானின் தளத்துக்குக் கீழே நீளமாக ஓடுகின்றன.

எங்களுக்கு ஹீற்றர் தேவையில்லை. ஆனால் யப்பானில் ஓடிய பின் இங்கே வந்த வான்கள் அந்தக் குழாய்களோடுதான் வந்தன. யப்பானின் பனிப்பிரதேச வீதிகளில் பனி உருகத் தூவும் உப்பு அந்தக் குழாய்களை அங்கேயே அரிக்கத் தொடங்கியிருக்கும். இங்கே வந்து இருபது வருடம் எங்கள் மழையிலும் சேற்றிலும் ஓடிய பிறகு அவை ஓட்டையாகின்றன. 2020 மார்ச்சிலிருந்து சில வருடங்களுக்கு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்ததால், பழைய வான்கள் இன்னும் பழசாகின. புதிய உதிரிப்பாகங்களின் விலையோ கைக்கெட்டாத உயரத்துக்குப் போனது. ஓட்டையான ஹீற்றர் குழாயை யாரும் புதிதாக வாங்கிப் பூட்டுவதில்லை. கழற்றி, சுற்றிவிடுவார்கள்.

பழைய இங்கிலீசுக் கார்களில் இந்தத் தொல்லை குறைவு. மொரிஸ் மைனர் போன்றவற்றில் ஹீற்றர் என்பது விரும்பினால் மேலதிகமாகக் காசு கொடுத்துப் பூட்டிக்கொள்ளும் பொருளாகவே இருந்தது. வெப்ப நாட்டுக்கு வந்த கார்கள் பலவற்றில் அது இல்லை.

சூட்டைத் தேடிய காலம்

சித்தப்பாவின் வானைத் திருத்தியவர் கொடிகாமத்தில் எழுபது வயது தாண்டிய ஒரு மெக்கானிக். ஊரில் எல்லோரும் அவரை ஐயா என்றுதான் கூப்பிடுவார்கள். நான் ஹீற்றரைப் பற்றிக் கேட்டபோது அவர் சிரித்தார்.

"இப்ப நீங்கள் சூட்டைக் கழட்டுறியள் பிள்ளை. நாங்கள் ஒரு காலத்தில சூட்டைத் தேடித் திரிஞ்சனாங்கள்."

அவர் சொன்னது 1990 யூனுக்குப் பிந்திய காலம். போர் மறுபடி தொடங்கிக் குடாநாட்டுக்குப் பொருளாதாரத் தடை வந்தபோது, பெற்றோலும் டீசலும் சட்டப்படி வருவது நின்றது. கள்ளமாக வந்த பெற்றோல் பொன்விலை விற்றது. மண்ணெண்ணெயும் தாராளமாகக் கிடைக்கவில்லை, ஆனால் கிடைத்தது. ஏ-40, மொரிஸ் ஒக்ஸ்போர்ட், மொரிஸ் மைனர் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின. மோட்டார் சைக்கிள்களும் அப்படித்தான். நான் அந்த வருடம் பிறந்தவள். மண்ணெண்ணெய்ப் புகை மணம்தான் வாகனத்தின் மணம் என்று சிறுவயதில் நினைத்திருந்தேன்.

மண்ணெண்ணெயில் பெற்றோல் எஞ்சினை ஓட்டுவதில் இரண்டு சிக்கல்கள். முதலாவது, அது எளிதில் ஆவியாகாது. பெற்றோலின் பெரும்பகுதி 200 பாகைக்குள் கொதித்து ஆவியாகிவிடும். மண்ணெண்ணெய் ஏறத்தாழ 150 பாகைக்கு மேல்தான் கொதிக்கவே தொடங்கும். குளிர்ந்த எஞ்சினில் அது துளிகளாகவே சிலிண்டருக்குள் போகும், பற்றாது. இரண்டாவது, அதன் ஒக்ரேன் அளவு மிகக் குறைவு. அழுத்தம் கூடிய எஞ்சினில் நேரத்துக்கு முன்னரே வெடித்து 'டக் டக்' என்று அடிக்கும். பழைய கார்களின் அழுத்த விகிதம் குறைவாக, ஏழுக்கு ஒன்று என்ற அளவில் இருந்ததால்தான் அவை தாக்குப்பிடித்தன.

முதல் சிக்கலுக்கு வழி சூடு. கொஞ்சம் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ரார்ட் செய்வார்கள். அதற்குச் சேலைன் போத்தலையும் அதன் குழாயையும் பயன்படுத்தியவர்கள் உண்டு. எஞ்சின் நன்றாகச் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். தோட்டத்தில் இறைக்கிற மண்ணெண்ணெய் மெசினில் எங்கள் விவசாயிகள் நெடுங்காலமாகச் செய்துவந்ததும் இதுதான். இங்கிலாந்தில் 1940களில் மண்ணெண்ணெய் போன்ற எரிபொருளில் ஓடவென்றே உழவு இயந்திரங்கள் செய்தார்கள். அவையும் பெற்றோலில் ஸ்ரார்ட் ஆகி, சூடான பிறகே மாறும். ரேடியேற்றருக்கு முன்னால் காற்றை மறைக்கும் திரை வைத்து எஞ்சினைச் சூடாக வைத்திருக்கும் ஏற்பாடும் சிலவற்றில் இருந்தது.

"நாங்கள் சாக்குத் துண்டு கட்டினம்" என்றார் ஐயா. "ரேடியேற்றருக்கு முன்னால பாதி மறைப்பு. எண்ணெய் போற செப்புக் குழாயை மனிபோல்ட்டோட ஒட்டி வளைச்சுவிட்டம். நெருப்புப் பிடிக்கும் எண்டு பயம். பிறகு ஒரு காருக்கு ஹெட்டில இருந்து வாற சுடுதண்ணிக் குழாயை எண்ணெய்க் குழாயோட சேர்த்துச் சுத்திவிட்டன். அது பரவாயில்லாமல் ஓடினது. தண்ணி நூறு பாகைக்கு மேல பெரிசாப் போகாதுதானே. நெருப்புப் பயம் இல்லை."

அந்த வாகனங்கள்தான் ஆனையிறவுப் பாதை மூடப்பட்ட பிறகு ஆட்களைக் கொடிகாமம் வழியாகக் கிளாலிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தன. அங்கிருந்து இரவில் படகேறி, கடற்படையின் சூட்டுக்குத் தப்பினால் பூநகரிப் பக்கம். தப்பாதவர்களும் உண்டு. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, நடக்க முடியாதவர்களை ஏற்றிவந்ததும் மண்ணெண்ணெயில் ஓடிய அதே வாகனங்கள்தான். எங்கள் வீட்டு மாமரத்தின் கீழ் அன்று ஐந்து குடும்பங்கள் இருந்தன. ஆறு மாதத்துக்குள், 1996 ஏப்ரலில், தென்மராட்சியும் இராணுவத்தின் கைக்குப் போனது. 2000ஆம் ஆண்டுச் சண்டையில் நாங்களும் கொடிகாமத்தை விட்டு ஓடினோம். திரும்பி வந்தபோது ஐயாவின் கராஜில் கூரை இல்லை, சாவிப்பெட்டி இல்லை. அவர் மறுபடி ஒரு மரத்தடியில் தொடங்கினார்.

எங்களைப் போல் இன்னொரு தீவு

எங்கள் தடைக்காலத்திலேயே பசிபிக்கில் இன்னொரு தீவும் முற்றுகைக்குள் இருந்தது. பப்புவா நியூகினியின் பூகன்வில் தீவு. செப்புச் சுரங்கத்தை எதிர்த்துத் தொடங்கிய போராட்டம் 1988 இறுதியில் ஆயுதப் போராக மாறியது. பிறகு அரசாங்கம் தீவைக் கடல்வழியாக மூடியது. எரிபொருள் இல்லை. தேங்காய் நிறைய இருந்தது. அவர்கள் தேங்காய் எண்ணெயில் டீசல் வாகனங்களை ஓட்டினார்கள்.

தாவர எண்ணெயில் டீசல் எஞ்சின் ஓடும் என்பது புதுமை அல்ல. 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியிலேயே ஒரு டீசல் எஞ்சின் கடலை எண்ணெயில் ஓடிக் காட்டப்பட்டது. சிக்கல் தடிப்பில் இருக்கிறது. தாவர எண்ணெய் டீசலைவிட ஏறத்தாழப் பத்து மடங்கு தடிப்பானது. தேங்காய் எண்ணெய் 24 பாகை அளவில் உறையத் தொடங்கும். மார்கழி விடியலில் போத்தலில் வெள்ளையாக நிற்பதை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தடித்த எண்ணெய் இன்ஜெக்ரரில் புகையாகப் பிரியாமல் துளியாக விழும். பாதி எரிந்து கரியாகப் படியும்.

அதற்கும் மருந்து சூடுதான். உலகெங்கும் தாவர எண்ணெயில் வாகனம் ஓட்டுபவர்கள் இதற்கு ஹீற்றர் ஹோஸைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஹீற்றருக்குப் போகிற சுடுதண்ணீரைத் திருப்பி, எண்ணெய்த் தாங்கிக்குள் வைத்த செப்புச் சுருளுக்குள்ளும், வடிகட்டியைச் சுற்றியும் ஓடவிட்டு, பிறகு பம்புக்குத் திருப்புகிறார்கள். இரண்டு தாங்கிகள் இருக்கும். டீசலில் ஸ்ரார்ட் செய்து, தண்ணீர் சூடானதும் எண்ணெய்க்கு மாறி, நிறுத்துவதற்கு முன் மறுபடி டீசலுக்கு மாறி, குழாய்களைக் கழுவிவிட வேண்டும். ஐயா மண்ணெண்ணெய்க்குச் செய்ததும் இதே கணக்குத்தான்.

இதை இன்று செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு: பழைய, பொறிமுறைப் பம்பு உள்ள டீசல் எஞ்சினில் மட்டும் இது ஓரளவு சாத்தியம். கணினியால் கட்டுப்படுத்தப்படும் புதிய டீசல் எஞ்சின்களில் இன்ஜெக்ரர்கள் மிக நுண்ணியவை. அவற்றில் இப்படிச் செய்தால் எஞ்சின் பழுதாகும். 2022 நெருக்கடியில் கியூஆர் வரிசையில் நின்ற நாட்களில் சிலர் பழைய மண்ணெண்ணெய் வித்தையை நினைவுபடுத்தினார்கள். அந்த வருடம் ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியதும் அந்த வழியும் அடைபட்டது. டீசல் எஞ்சினில் வெறும் மண்ணெண்ணெய் விட்டால் பம்புக்கு வழுவழுப்புக் கிடைக்காமல் அது தேயும். பெற்றோல் எஞ்சினில் விட்டால் எரியாத மண்ணெண்ணெய் கீழே வடிந்து எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும். தடைக்காலத்தில் எத்தனையோ எஞ்சின்கள் அப்படித்தான் செத்தன. வேறு வழியில்லாமல் செய்ததை வழி இருக்கும்போது செய்ய வேண்டியதில்லை.

ஹோஸை மாற்றும் மூன்று விதங்கள்

இனி எங்கள் வான்களுக்கு வருவோம். ஹீற்றர் ஒழுகினால் செய்யக்கூடியவை மூன்று.

ஒன்று, பின் ஹீற்றரை மட்டும் விலக்குவது. முன் ஹீற்றரும் பின் ஹீற்றரும் ஒரே கிளையிலிருந்து ரி வடிவ இணைப்புகளால் பிரிந்திருக்கும். இரண்டு ரி இணைப்புகளையும் கழற்றி, அந்த இடத்தில் முழு ஹோஸ் ஒன்றைப் பூட்டினால் பின்பக்கம் துண்டிக்கப்படும், முன்பக்கம் பழையபடி ஓடும். சித்தப்பாவின் வானுக்கு இதுதான் போதுமாக இருந்தது. என் அனுபவத்தில் பலருக்கும் இதுவே நல்ல வழி.

இரண்டு, முழு ஹீற்றரையும் விலக்கி, ஹெட்டிலிருந்து வெளிவரும் வாயையும் பம்புக்குத் திரும்பும் வாயையும் ஒரே ஹோஸால் வளைத்து இணைப்பது. தண்ணீர் தொடர்ந்து ஓடும். ஆனால் ஒரு விடயம். ஹீற்றரின் நுண்ணிய குழாய்கள் ஓட்டத்தைக் கொஞ்சம் தடுத்துவைத்திருந்தன. திறந்த ஹோஸில் அந்தத் தடை இல்லை. ரேடியேற்றருக்குப் போகாத சுடுதண்ணீர் கூடுதலாகச் சுற்றும். பாரம் ஏற்றி வெயிலில் ஓடுகிற வானுக்கு இது நல்லதல்ல. பழைய ஹீற்றர் வால்வை வழியிலேயே விட்டு ஓட்டத்தைக் குறைத்து வைக்கலாம். அல்லது நடுவில் சிறு துளையுள்ள ஒரு இணைப்புத் துண்டைப் போடலாம்.

மூன்று, இரண்டு வாய்களையும் முற்றாக அடைப்பது. இதைச் செய்வதற்கு முன் உங்கள் எஞ்சினைத் தெரிந்திருக்க வேண்டும். சில எஞ்சின்களில், தேர்மோஸ்ரற் மூடியிருக்கும் நேரம் தண்ணீர் சுற்றுவதற்கு ஹீற்றர் வழிதான் முக்கியமான வழி. அதை அடைத்தால் ஹெட்டின் பின்பக்கத்தில் தண்ணீர் தேங்கி, அந்த இடம் மட்டும் அதிகமாகச் சூடாகும். தனியான பைபாஸ் வழி இருக்கிறதென்று உறுதியாகத் தெரியாவிட்டால் அடைக்காதீர்கள், வளைத்து இணையுங்கள்.

எந்த விதமாயினும், ஹீற்றர் ஹோஸிலிருந்து பிரிகிற மெல்லிய ஹோஸ்களைக் கவனியுங்கள். சில எஞ்சின்களில் அவை ஒயில் கூலருக்கோ, ரேர்போவுக்கோ, சோக் பகுதிக்கோ தண்ணீர் கொண்டுபோகின்றன. ஹீற்றர் என்று நினைத்து அதையும் வெட்டியவர்கள் உண்டு. வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு ஹோஸையும் தொடக்கத்திலிருந்து முடிவுவரை விரலால் தொட்டுப் பின்தொடருங்கள். தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள்.

செய்முறை

எஞ்சின் முற்றாக ஆறியிருக்க வேண்டும். இது சம்பிரதாயத்துக்குச் சொல்லும் எச்சரிக்கை அல்ல. ரேடியேற்றர் மூடி தண்ணீரை அழுத்தத்தில் வைத்திருப்பதால் அது 100 பாகை தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். சூட்டில் மூடியைத் திறந்தால் அழுத்தம் போய், அந்தத் தண்ணீர் ஒரு கணத்தில் ஆவியாகி முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸைக் கையால் அழுத்திப் பாருங்கள். கல்லுப்போல் இருந்தால் காத்திருங்கள்.

ரேடியேற்றரின் அடியில் உள்ள வடிகால் திருகைத் திறந்து தண்ணீரைப் பாத்திரமொன்றில் இறக்குங்கள். பழைய கூலன்ற்றை முற்றத்தில் விடாதீர்கள். அது இனிப்பாக இருக்கும், நாயும் பூனையும் குடித்துச் சாகும். கிணற்றடிப் பக்கம் போகவே கூடாது.

பழைய ஹோஸ் இழுத்தால் வராது. இழுத்துப் பறித்தால் ஹீற்றரின் மெல்லிய வாய்க்குழாய் முறியும். ஹோஸின் நுனியை நீளவாக்கில் வெட்டி உரித்தெடுங்கள். வாயில் துரு இருந்தால் மண்தாளால் தேய்த்து வழுவழுப்பாக்குங்கள்.

புதிய ஹோஸ் வாங்கும்போது உள்விட்டத்தை அளந்து வாங்குங்கள். பல யப்பான் வான்களில் அது 16 மில்லிமீற்றர் அளவில் இருக்கும், ஆனால் நம்பி வாங்க வேண்டாம். ஹீற்றர் ஹோஸ் என்று கேட்டு, உள்ளே நூல் பின்னல் உள்ள இறப்பர் ஹோஸையே எடுங்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் பிளாஸ்ரிக் ஹோஸ் சூட்டில் இளகிப் பிதுங்கும். பெற்றோல் ஹோஸ் வேறு தேவைக்கானது.

வளைவு பெரிதாக இருக்கட்டும். நேரான ஹோஸைக் குறுகலாக வளைத்தால் நடுவில் மடியும். மடிந்தால் ஓட்டம் நிற்கும், சில மாதங்களில் மடிந்த இடம் வெடிக்கும். இடம் குறுகலாக இருந்தால் வளைவாகவே வார்த்த ஹோஸையோ, யு வடிவச் செப்புக் குழாயையோ பயன்படுத்துங்கள். ஹோஸ் மனிபோல்ட்டையோ, பெல்ட்டையோ, கூரான தகட்டையோ தொடக்கூடாது. எஞ்சின் ஆடும்போது எங்கே போய் உரசும் என்று யோசித்துக் கட்டுங்கள்.

கிளிப் திருகு கிளிப்பாக இருக்க வேண்டும். கட்டுக்கம்பி வேண்டாம். எங்கள் மூன்று இலட்சத்துக்கும் காரணம் அந்தக் கம்பிதான். கிளிப்பைக் கையால் இறுக்கக்கூடிய அளவுக்கு இறுக்குங்கள். அளவுக்கு மிஞ்சினால் அதுவே ஹோஸை வெட்டும்.

தண்ணீரை நிரப்பும்போது ஹீற்றர் வால்வு திறந்திருக்கட்டும். வானின் முன்பக்கம் கொஞ்சம் உயரமாக இருந்தால் காற்று இலகுவாக வெளியேறும். மூடியைத் திறந்தபடி எஞ்சினை ஓடவிட்டு, மேல் ஹோஸை அவ்வப்போது பிசையுங்கள். தேர்மோஸ்ரற் திறக்கும்போது தண்ணீர் மட்டம் திடீரென இறங்கும், ஊற்றி நிரப்புங்கள். குமிழ்கள் கொஞ்ச நேரத்தில் நிற்க வேண்டும். நிற்காமல் தொடர்ந்து வந்தால் ஹெட் கஸ்கற் ஒழுகுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். மறுநாள் காலை, எஞ்சின் ஆறிய பின், மட்டத்தை மறுபடி பாருங்கள். ஒரு கிழமை ஓடிய பிறகு கிளிப்புகளை ஒருமுறை இறுக்குங்கள்.

கிணற்றுத் தண்ணீரும் தேர்மோஸ்ரற்றும்

குடாநாடு சுண்ணக்கல்லில் நிற்கிறது. கேத்திலின் அடியில் படிகிற அதே வெள்ளைச் சுண்ணாம்பு ரேடியேற்றருக்குள்ளும் படிகிறது. தென்மராட்சியின் பல இடங்களில் கிணற்றில் உவர்ப்பும் உண்டு. உப்பு உலோகத்தை அரிக்கும். சித்தப்பாவின் ரேடியேற்றரைக் கழற்றியபோது குழாய்களில் மூன்றிலொன்று அடைபட்டிருந்தது. சுத்தமான பாத்திரத்தில் பிடித்த மழைத்தண்ணீரோ, பற்றரிக்கு விடும் காய்ச்சி வடித்த தண்ணீரோ நல்லது. அதோடு கூலன்ற் கலவுங்கள். எங்களுக்கு உறைபனி இல்லைத்தான். ஆனால் கூலன்ற் துருவைத் தடுக்கும், கொதிநிலையையும் கொஞ்சம் உயர்த்தும். கொள்கலனில் எழுதியிருக்கும் அளவைப் பின்பற்றுங்கள்.

ஹீற்றரைக் கழற்றுகிற கையோடு தேர்மோஸ்ரற்றையும் கழற்றி எறிகிற பழக்கம் எங்களிடம் உண்டு. "வெயில் நாட்டுக்கு அது என்னத்துக்கு?" என்பார்கள். எஞ்சின் குளிராகவே ஓடினால் டீசல் கூடச் செலவாகும், தேய்மானமும் கூடும். சில யப்பான் எஞ்சின்களில் தேர்மோஸ்ரற் திறக்கும்போது அதன் அடித்தட்டு பைபாஸ் வழியை மூடும். அதைக் கழற்றினால் பைபாஸ் எப்போதும் திறந்திருக்கும். சுடுதண்ணீரில் ஒரு பகுதி ரேடியேற்றருக்குப் போகாமலே சுற்றும். சூட்டைக் குறைக்கக் கழற்றிய வண்டி அதனாலேயே கொதிக்கும்.

வழியில் முள் ஏறினால்

ஏசியை நிறுத்துங்கள். முன் ஹீற்றர் இன்னும் பூட்டியிருந்தால், அதை முழுச் சூட்டிலும் முழுக் காற்றிலும் போடுங்கள். ஹீற்றரும் ஒரு சின்ன ரேடியேற்றர்தான். எஞ்சினின் சூட்டில் ஒரு பங்கை அது வெளியே எடுக்கும். உள்ளே வேகும், கண்ணாடிகளைத் திறந்துவிடுங்கள். முன் ஹீற்றரை முற்றாகக் கழற்ற வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். வெயில் நாட்டிலும் அதற்கு ஒரு வேலை இருக்கிறது.

முள் ஏறிப் பிறகு திடீரென இறங்கினாலோ, ஹீற்றரில் குளிர்காற்று வந்தாலோ, அது நல்ல செய்தி அல்ல. தண்ணீர் போய்விட்டது. அந்த இடத்திலேயே ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். கொதித்த எஞ்சினில் பச்சைத் தண்ணீரை உடனே ஊற்றாதீர்கள். சூட்டு உலோகம் திடீரெனச் சுருங்கி வெடிக்கும். அரை மணித்தியாலமாவது பொறுங்கள்.

சித்தப்பா நுணாவிலில் நிறுத்தியிருந்தால் ஒரு ஹோஸோடு போயிருக்கும். அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அவர் ஓட்டப் பழகியது நின்றால் உயிர் போகும் என்றிருந்த காலத்தில். வண்டி எப்படி முக்கினாலும் அடுத்த சந்திவரை போய்ச் சேர வேண்டும் என்பதுதான் அவருக்குத் தெரிந்த ஓட்டம். அதை மறக்க அவருக்குக் கொஞ்சக் காலம் எடுக்கும்.

வான் திரும்பி வந்த அன்று ஐயா என்னை அடியில் படுக்க வைத்து, புதிய ஹோஸின் கிளிப்பை என் கையாலேயே இறுக்க விட்டார். "அடுத்த முறை வேற ஆரேன் கட்டினாலும், என்ன கட்டியிருக்கு எண்டு பார்க்க உனக்குத் தெரியவேணும்" என்றார். அதற்கடுத்த வியாழக்கிழமை ஆறு பேர் கிளினிக் போனார்கள். ஏழாவது ஆச்சி இந்த இரண்டு மாதத்துக்குள் படுக்கையாகிவிட்டார். திரும்பி வரும்போது அவருடைய மருந்துத் துண்டையும் மருந்துகளையும் சித்தப்பா வாங்கிக்கொண்டு வந்து வீட்டில் கொடுத்தார்.

உங்கள் வீட்டு வானின் முன் இருக்கையை இன்று ஒருமுறை தூக்கிப் பாருங்கள். மடித்துக் கட்டிய ஹோஸ் ஒன்று இருந்தால், நாளைக்கு ஓட்டம் போகமுதல் அதை மாற்றுங்கள்.